நிஷிகாசாயில் இரண்டு மூன்று வருடம்: புதிதாக வரும் தம்பதிகள் என்னிடம் கேட்ட கேள்விகள்

திருமணமான ஐந்தாவது மாதம் என் கணவருக்கு டோக்கியோவில் ஆன்சைட் வேலை கிடைத்தது. ஒன்றரை வருடம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று வருடமும் நான்கு மாதமும் இருந்துவிட்டுத் திரும்பினோம். அங்கே இருந்தபோதும், வந்த பிறகும், புறப்படப் போகிற பெண்கள் யாரோ ஒருவர் மூலம் என் எண்ணை வாங்கிப் பேசுவார்கள். முதலில் குக்கரைப் பற்றிக் கேட்பார்கள். அரை மணி நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, உண்மையில் கேட்க வந்ததைக் கேட்பார்கள். இரண்டு வகைக் கேள்விகளையும் அவர்கள் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லோரும் ஏன் நிஷிகாசாய்க்கே போகிறார்கள்? அங்கே போனால் ஜப்பானுக்குப் போன மாதிரியே இருக்காது என்கிறார்களே?

நிஷிகாசாய் டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வட்டத்தில் இருக்கிறது. தோசாய் ரயில் பாதையில் ஏறினால் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் நிஹோன்பாஷி, ஓதேமாச்சி வந்துவிடும். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அந்தப் பக்கம்தான். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய இந்தியப் பொறியாளர்கள் நிறையப் பேர் வந்த காலத்தில், அலுவலகத்துக்கு அருகில் என்று இங்கே தங்கத் தொடங்கினார்கள். இன்னொரு காரணம் வீடு. வெளிநாட்டவருக்கு வாடகைக்குவிடத் தயங்கும் வீட்டுக்காரர்கள் ஜப்பானில் உண்டு. இங்கே யூ.ஆர். என்ற பொதுத்துறை அமைப்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல இருக்கின்றன. அவற்றுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டாம், தரகு வேண்டாம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணமும் வேண்டாம். இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டினால் போதும்.

ஜப்பானுக்குப் போன மாதிரி இருக்காது என்பது நியாயமான பேச்சாக எனக்குப் படவில்லை. நான் இருந்த மாடியில் எட்டு வீடுகள். அவற்றில் இந்தியர் வீடு எங்களுடையதும் இன்னொன்றும்தான்.

வீட்டில் கட்டில், பீரோ எல்லாம் கொடுப்பார்களா அக்கா?

விளக்கே இருக்காது. கூரையில் விளக்கை மாட்டும் இடம் மட்டும் இருக்கும். அடுப்பு, திரைச்சீலை, சலவை இயந்திரம் எல்லாவற்றையும் நாம்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு இது தெரியாது. முதல் இரவு குளியலறையின் விளக்கைப் போட்டு, அதன் கதவைத் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் புளியோதரை சாப்பிட்டோம். நீங்கள் பகலில் சாவி வாங்குங்கள். அன்றே ஒரு விளக்கும் போர்வையும் வாங்கிவிடுங்கள்.

விமான நிலையத்தில் தரும் குடியிருப்பு அட்டையில், வீட்டுக்குக் குடிபோன 14 நாளுக்குள் வட்ட அலுவலகத்தில் முகவரி எழுதி வாங்க வேண்டும். வெளியே போகும்போதெல்லாம் அந்த அட்டை உங்களிடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் அட்டை உங்கள் கைப்பையில், கணவரின் அட்டை அவர் பையில்.

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் — எதைக் கொண்டு வர வேண்டும்?

குக்கரைக் கொண்டு வாருங்கள், இரண்டு கேஸ்கெட்டுகளும் சேர்த்து. மிக்ஸியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம் ஊர் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது. அதை நேராகச் செருகினால் முனகும், தேங்காய் அரையாது. நம் மூன்று முனைப் பிளக்கும் அங்கே நுழையாது. அழுத்தத்தை உயர்த்தித் தரும் டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டும். மிக்ஸி 750 வாட் என்றால் அதைவிடத் தாராளமாகத் தாங்குவதாகப் பாருங்கள்.

புதிதாக வாங்குவதற்கு முன், ஊருக்குத் திரும்பும் குடும்பம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்கள் வீட்டிலிருந்த டிரான்ஸ்பார்மர் எங்களுக்கு முன் மூன்று குடும்பங்களில் உழைத்தது. அதன் அடியில் அந்த மூன்று குடும்பங்களின் பெயர்களும் பேனாவால் எழுதியிருந்தன. முதல் பெயருக்கு உரியவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை சட்னி அரைக்கும்போதும் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

அரிசி, காய்கறி கிடைக்குமா? குளிரில் இட்லி மாவு புளிக்குமா?

பொன்னி அரிசி, துவரம் பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் இந்தியக் கடைகளில் உண்டு. கறிவேப்பிலை மட்டும் விலை கூடுதல். அதை ஒன்றும் செய்ய முடியாது. காய்கறிக்கு ஜப்பானியக் கடைக்கே போங்கள். அங்கே முள்ளங்கி நம் கை நீளத்துக்கு இருக்கும், சாம்பாருக்கு அருமை. வெண்டைக்காயை 'ஓகுரா' என்று சிறிய வலைப்பையில் எண்ணிப் போட்டு விற்பார்கள். 'கோயா' என்றால் பாகற்காய்.

'கோமாத்சுனா' என்று ஒரு கீரை உண்டு. எடோகாவா வட்டத்தின் கோமாத்சுகாவா என்ற இடத்தின் பெயரால் வந்தது. அக்காலத்தில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் தொகுகாவா யோஷிமுனே அங்கே வந்தபோது இதைச் சாப்பிட்டு அந்தப் பெயரைச் சூட்டினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சிறுபருப்பும் தேங்காயும் போட்டுக் கூட்டு வைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கீரையைத் தேடி அலைவதை நிறுத்திவிடுவீர்கள்.

மாவு டிசம்பரில் புளிக்காது. 'கோதாத்சு' என்ற, கீழே ஹீட்டர் வைத்துப் போர்வை போர்த்திய குட்டை மேசையை வாங்கினோம். மாவுப் பாத்திரம் இரவு முழுவதும் அதன் அடியில் இருக்கும். ஹீட்டரை அணைத்த பின் மிஞ்சும் சூடே போதும்.

நாங்கள் சைவம். வெளியே சாப்பிடவே முடியாதா?

முடியும், ஆனால் 'இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று சொன்னால் மட்டும் போதாது. மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பார்வைக்குக் காய்கறி மட்டுமே இருக்கும் சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் 'தாஷி' என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலிலிருந்து எடுத்தது. ஆகவே 'நிகு' (இறைச்சி), 'சகானா' (மீன்), 'தாஷி' மூன்றும் வேண்டாம் என்று எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜப்பானியத் தோழி உங்களை அழைக்கும்போது, என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக மறைத்து, அவர் எதிரில் தட்டைத் தள்ளிவைத்தால் அவர் மனம் பாடுபடும். நான் அப்படி ஒரு முறை செய்தேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் போய்ப் பேசலாமா? தொந்தரவு என்று நினைப்பார்களா?

போக வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே. குடிவந்தவர் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு சிறிய பொருளோடு வணக்கம் சொல்வது அங்கே பழைய வழக்கம். 'ஹிக்கோஷி அய்சாத்சு' என்பார்கள். இப்போது நகரங்களில் ஜப்பானியர்களே பலர் இதை விட்டுவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டவர் செய்தால் அதை மறக்க மாட்டார்கள். இரு பக்கத்து வீடுகளுக்கும், மேல்வீடு, கீழ்வீட்டுக்கும் போங்கள். 500 முதல் 1,000 யென்னுக்குள் ஒரு துண்டோ பிஸ்கட் பெட்டியோ போதும். பெயரைச் சொல்லி, தலை தாழ்த்தி, இரண்டு நிமிடத்தில் வந்துவிடலாம்.

எங்கள் கீழ்வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி தனியாக இருந்தார். துண்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். நான்காம் நாள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே மூன்று பேரிக்காய்களும் ஒரு சீட்டும். அதற்குப் பதிலாக ஒரு டப்பாவில் ரவை லட்டு கொடுத்தேன். டப்பா திரும்பியபோது உள்ளே வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருந்தது. கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று என் ஆச்சி சொல்வதை, டோக்கியோவில் ஒரு பாட்டியும் பேசாமல் செய்துகொண்டிருந்தார். எங்கள் பழக்கம் மூன்று வருடமும் அந்த டப்பாவிலேயே நடந்தது.

சத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலை 7 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் மிக்ஸி வேண்டாம், சலவை இயந்திரமும் வேண்டாம். மிளகாய் வறுக்கும் நாளில் காற்றாடியை ஓடவிடுங்கள்.

குப்பையைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட ஒன்றுமில்லை, படித்தால் போதும். எரிகிற குப்பை வாரம் இரண்டு நாள். பாட்டில், காகிதம் போன்றவற்றுக்கு வேறு நாள், எரியாததற்கு இன்னொரு நாள். அன்று காலை 8 மணிக்குள் கொண்டு வைக்க வேண்டும். முந்தைய இரவே வைத்தால் காக்கை கிழித்துவிடும். கட்டில், மேசை போன்ற பெரிய சாமான்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்து, கடையில் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். வட்ட அலுவலகம் தரும் அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்காக ஒரு மொழியைக் கற்க வேண்டுமா?

வேண்டும். தமிழ் தெரிந்தவர் ஜப்பானிய மொழியைக் கற்காமல் திரும்புவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும். எழுத்து கடினம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாக்கியம் நம் வாக்கியம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். 'தாபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'காய்தே ஓகு' என்றால் எழுதி வை. 'மோத்தே குரு' கொண்டு வருவது, 'மோத்தே இகு' கொண்டு போவது. 'வாசுரேதே ஷிமாத்தா' என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பில் மற்ற நாட்டவர்கள் குழம்பினார்கள். எனக்கு 'மறந்துவிட்டேன்' என்பதிலுள்ள 'விட்டேன்' அப்படியே கேட்டது.

இன்னும் உண்டு. யார் என்பதோடு 'உம்' சேர்த்தால் யாரும். அங்கே 'தாரே' என்பதோடு 'மோ' சேர்த்தால் 'தாரே மோ'. யாரும் இல்லை என்பது 'தாரே மோ இனாய்'. சுட்டும் சொற்கள் மூன்று: கோரே, சோரே, ஆரே. நடுவில் உள்ள 'சோரே' கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும். நாம் இது, அது இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே, 'அது எங்கள் உது' என்றாள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் இந்த இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், படிக்கும் நமக்கு லாபம் லாபம்தான்.

எங்கே கற்பது என்றால், வட்டார மையங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகளைத் தேடுங்கள். கட்டணம் மிகக் குறைவு, சில இடங்களில் கட்டணமே இல்லை. சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். என் ஜப்பானியத் தோழிகளில் முக்கால்வாசிப் பேர் அந்த வகுப்பின் வழியாக வந்தவர்கள்.

நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். பகல் முழுக்க என்ன செய்வேன்?

குரல் தாழும் கேள்வி இதுதான். டிபென்டென்ட் விசாவில் வருபவர் வேலை செய்ய வேண்டுமானால் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். கிடைத்தால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கணவருக்கு உயர்திறன் பணியாளர் வகை விசா என்றால், மனைவி முழுநேர வேலைக்குப் போக வேறு வழியும் இருக்கிறது. புறப்படும் முன்பே எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் வந்து வருந்தியவர்கள் பலர்.

ஆனால் நீங்கள் கேட்பது விசாவைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். கணவர் காலை 8 மணிக்குப் போய் இரவு 10 மணிக்கு வருவார். முதல் மாதம் கடை, பூங்கா, ரயில் என்று போய்விடும். இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நேற்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று திடீரென்று தெரியும். எனக்கு அது நவம்பரில் வந்தது. சாயங்காலம் ஒலிபெருக்கியில் குழந்தைப் பாட்டு ஒன்றின் இசை ஒலிக்கும். பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் போடுவது. அதைக் கேட்டால் அழுகை வரும். குளிர்காலத்தில் அதற்குள் இருட்டியும்விடும்.

நான் செய்தது இவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் ஒரு குறித்த நேரத்துக்கு ஒரு குறித்த இடத்துக்குப் போனேன். இரண்டு நாள் மொழி வகுப்பு, ஒரு நாள் நூலகம். வீடு பெருக்குவதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடவில்லை. வெயில் இருக்கும்போது வெளியே போங்கள். கணவரிடம் 'போரடிக்கிறது' என்று சொல்லாதீர்கள். 'தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது' என்று சொல்லுங்கள். முதல் சொல்லை அவர் சினிமா டிக்கெட் வாங்கித் தீர்க்கப் பார்ப்பார். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மருத்துவரிடம் போங்கள். காப்பீட்டில் பெரும்பாலும் செலவில் 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து போகும்.

தமிழ் நண்பர்கள் சீக்கிரம் கிடைப்பார்களா?

முதல் வாரமே கிடைப்பார்கள். இந்தியக் கடையில் முருங்கைக்காய் எடுக்கும் கையைப் பார்த்தே 'நீங்க தமிழா?' என்று கேட்டுவிடுவோம். பொங்கல், சித்திரைத் திருநாளுக்கு டோக்கியோவில் தமிழர் கூட்டங்கள் உண்டு. மார்ச் கடைசியில் செர்ரி மலர்ந்ததும் ஆளுக்கு ஒரு சாதம் கட்டிக்கொண்டு கோமாத்சுகாவா ஆற்றங்கரைக்குப் போவோம். ஆகஸ்டில் எடோகாவா வாணவேடிக்கை.

சீக்கிரம் கிடைப்பதால் ஒரு சிரமமும் உண்டு. ஊரில் நமக்குப் பிடித்தவர்களோடுதான் நட்பு. இங்கே மொழி ஒன்று என்பதற்காக, மற்றபடி ஒத்துப்போகாத பத்துப் பேரோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார வேண்டியிருக்கும். எல்லா அழைப்புக்கும் போக வேண்டியதில்லை. மாதம் ஒன்று போங்கள், போகும்போது மனதாரப் போங்கள். பண விஷயத்தில் ஒன்று சொல்வேன்: சேர்ந்து பயணம் போனால் கணக்கை அன்று இரவே முடித்துவிடுங்கள். மூவாயிரம் யென்னுக்காக ஒரு வருடம் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நண்பர்கள் எல்லோரும் கணவரின் அலுவலகத்தார்தான். மேலாளரின் மனைவியோடு எப்படிப் பழகுவது?

அவரை அக்கா என்று அழையுங்கள், அன்பாக இருங்கள். ஆனால் கணவர் வீட்டில் அலுவலகத்தைப் பற்றிப் புலம்பியது ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து போகக் கூடாது. சம்பளம், விசா நீட்டிப்பு, யாரைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற மூன்று பேச்சும் வேண்டாம். எங்கள் வட்டத்தில் ஒரு தோழி, கணவர் வேறு நிறுவனத்துக்கு முயல்வதைச் சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த வாரம் அது அலுவலகத்தில் இருந்தது. சொன்னவளும் கெட்டவள் இல்லை, கேட்டவரும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நட்பு அதோடு முடிந்தது.

இதனால்தான் மொழி வகுப்பை அவ்வளவு வற்புறுத்தினேன். கணவரின் அலுவலகத்தோடு ஒட்டாத ஒரு தோழியாவது உங்களுக்கு வேண்டும்.

ஜப்பானியத் தோழி 'அடுத்த முறை வீட்டுக்கு வாருங்கள்' என்றாள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. பொய்யா அது?

பொய் இல்லை. நம் ஊரில் வாசலில் நின்று 'ஒரு நாள் சாப்பிட வாங்க' என்கிறோமே, அதே மாதிரி. தேதி சொன்னால் அது அழைப்பு, சொல்லாவிட்டால் அது நல்லெண்ணம். அவர்கள் வீட்டுக்கு அழைப்பதே குறைவு. வீடு சிறியது, அழைத்தால் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்ற கவலையும் பெரியது.

காத்திருக்காமல் நீங்கள் தேதியோடு அழையுங்கள். 'பன்னிரண்டாம் தேதி 11 மணிக்கு வாருங்கள், தோசை சுடச் சொல்லித் தருகிறேன்' என்று சொன்னேன். சும்மா வரத் தயங்கியவர்கள் கற்க என்றதும் வந்தார்கள். சரியாக 11 மணிக்கு, கையில் சமையல் மேலங்கியோடு. காரத்தைக் குறைத்துவிடுங்கள். முன்னறிவிப்பில்லாமல் கதவைத் தட்டுவது, கைப்பேசியில் திடீரென்று அழைப்பது இரண்டும் வேண்டாம். செய்தி அனுப்பிக் கேளுங்கள்.

ஊருக்கு எந்த நேரத்தில் பேசுவது? தினமும் பேசாவிட்டால் அம்மா வருந்துகிறார்.

ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு 8 மணி என்றால் ஊரில் மாலை 4:30. அம்மா ஓய்ந்து உட்காரும் இரவு 9 மணிக்கு உங்களுக்கு 12:30. தினமும் அரைத் தூக்கத்தில் பேசுவதைவிட, வாரம் இரண்டு நாள் நிதானமாகப் பேசுங்கள். மாமியாருக்கும் அதே கணக்கு. அவரோடு பேசுவது அவர் மகனின் பொறுப்பும்கூட.

எங்களுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வது? அங்கே பெரியவர்கள் யாருமே இல்லையே.

வரும். இருவருக்கும் வேறு ஆள் கிடையாது என்பதாலேயே அதிகம் வரும். அவர் அலுவலகத்தில் பதினான்கு மணி நேரம் பேசிக் களைத்து வருகிறார், நீங்கள் பதினான்கு மணி நேரம் பேசாமல் காத்திருக்கிறீர்கள். எங்கள் முதல் குளிர்காலத்தில் இதே காரணத்தால் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காசாய் ரின்காய் பூங்காவுக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். தெளிவான நாள், தூரத்தில் ஃபுஜி மலை தெரிந்தது. அவர்தான் முதலில் பேசினார். புதன்கிழமைதோறும் 7 மணிக்குள் வீட்டுக்கு வருவது என்று அங்கே முடிவு செய்தோம். பல ஜப்பானிய நிறுவனங்களில் புதன் கூடுதல் நேர வேலை இல்லாத நாள் என்பதால் அது நடந்தது.

ஊருக்கு உடனே சொல்லாதீர்கள். நீங்கள் சமாதானமான பிறகும் அங்கே பத்து நாள் யாரும் தூங்க மாட்டார்கள். நண்பர் குழுவில் நிச்சயம் சொல்லாதீர்கள். சற்று மூத்த, வாய் காக்கும் தம்பதி ஒருவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கை ஓங்குவது, அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைப்பது, பணம் தராமல் பூட்டி வைப்பது இவை சண்டைக் கணக்கில் வரா. காவல்துறைக்கு 110 அழையுங்கள், வட்ட அலுவலகத்திலும் உதவி கேட்கலாம். எந்த நேரமானாலும் ஒரு தோழியின் வீட்டுக்குப் போய்விடுங்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் இரவு 1 மணிக்கு வந்தாள். ஏன் வந்தாய் என்று நாங்கள் கேட்கவில்லை.

நிலநடுக்கம் வந்தால்?

கைப்பேசி அலறும், பிறகு ஆடும். அடுப்பை நினைத்து ஓடாதீர்கள். முதலில் மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். தீ, ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 119. இருவரும் வேறு வேறு இடத்தில் இருந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானம்.

எடோகாவாவில் இதைவிட வெள்ளம் பற்றிக் கவனமாக இருங்கள். வட்டத்தின் நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதம் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019இல் வட்ட நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, பெருவெள்ளம் வரும்போது இங்கே இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அந்த வரைபடத்தை வாங்கிப் படியுங்கள். எந்தத் தோழியின் வீடு மேட்டில் இருக்கிறது என்றும் தெரிந்து வையுங்கள்.

எனக்கு முதல் நடுக்கம் தனியாக இருந்தபோது வந்தது. நின்றதும் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டுப் பாட்டி, தலைக்கவசத்தோடு. 'தாய்ஜோபு?' என்றார். நலமா என்று அர்த்தம்.

அங்கேயே குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? அம்மா வர முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள்?

பலர் பெற்றிருக்கிறார்கள். கருவுற்றதை வட்ட அலுவலகத்தில் தெரிவித்தால் தாய்-சேய் கையேடும், பரிசோதனைச் செலவுக்கான சீட்டுகளும் தருவார்கள். மருத்துவக் காப்பீட்டிலிருந்து பிரசவத்துக்கு 5,00,000 யென் கிடைக்கும், 2023 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகை. அம்மா குறுகிய கால விசாவில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம்.

என் தோழி ஒருத்தியின் அம்மாவுக்கு விசா தாமதமாயிற்று. ஆறு வீடுகள் முறை வைத்துக்கொண்டோம். திங்கள் ஒருவர் பூண்டுக் குழம்பு, செவ்வாய் ஒருவர் சுறாப் புட்டு. பதினெட்டு நாள் அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தோழி ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். இனி யாரோடும் நெருங்க வேண்டாம் என்று தோன்றுகிறது. தவறா?

தவறில்லை. எனக்கும் தோன்றியது. என் மிக நெருங்கிய தோழி இரண்டாம் வருடம் மார்ச்சில் திரும்பினாள். நரிதா விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்து, அதன் பிறகு புதிதாக வந்த இரண்டு பெண்களிடம் நான் சரியாகவே பேசவில்லை. எப்படியும் இவர்களும் போய்விடுவார்கள் என்ற எண்ணம். அவர்களில் ஒருத்தி முதல் குளிர்காலத்தைத் தனியாகக் கழித்தாள், என் வீட்டிலிருந்து நான்கு நிமிட நடையில். மேலே நான் எழுதிய அந்த நவம்பர் அவளுக்கும் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தும் நான் போகவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு மட்டும் அது ஆறவில்லை.

கொஞ்ச காலம்தானே என்று பெட்டியைப் பிரிக்காமல் வாழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு திரைச்சீலைகூட வாங்காமல் இரண்டு வருடம் இருந்தவர்கள் உண்டு. அந்த இரண்டு வருடமும் உங்கள் ஆயுளில்தான் சேருகிறது, அக்காவாகச் சொல்கிறேன். திரும்பிய பிறகு எல்லா நட்பும் நிற்குமா என்றால், நிற்காது. இருபது பேரில் எனக்கு நான்கு பேர் நின்றார்கள். மற்ற பதினாறு பேரோடு சாப்பிட்ட சாப்பாடும் நடந்த நடையும் நடக்காததாகிவிடவில்லை.

திரும்பும்போது வீட்டை எப்படிக் காலி செய்வது?

தேதி தெரிந்த அன்றே பெரிய குப்பைக்குப் பதிவு செய்யுங்கள். மார்ச்சில் எல்லோரும் வீடு மாறுவதால் வாரக்கணக்கில் இடம் கிடைக்காது. வட்ட அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பு கொடுங்கள். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் தனித்தனியாக நிறுத்தச் சொல்ல வேண்டும். நல்ல சாமான்களைப் புதிதாக வரும் குடும்பத்துக்குக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரை விலைக்கு விற்காதீர்கள். நாங்கள் எங்கள் பெயரை நான்காவதாக எழுதி, நான் முதலில் பேசாமல் விட்ட அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம்.

பக்கத்து வீடுகளுக்கு வந்தபோது போன மாதிரியே போகும்போதும் ஒரு முறை போய்ச் சொல்லுங்கள். சாமான் கட்டும்போது, கீழ்வீட்டுப் பாட்டிக்கும் எனக்கும் இடையே போய்வந்த அந்த டப்பா என் அலமாரியில் இருந்தது. அடுப்பைக் கொடுத்தாகிவிட்டது, ரவையும் இல்லை. தோழி வீட்டுக்கு ஓடிப்போய் லட்டு பிடித்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை டாக்சி வந்தபோது அவர் கீழே நின்றுகொண்டிருந்தார். டப்பா அவர் கையில் இருந்தது. உள்ளே பயணத்துக்குச் சோற்று உருண்டைகள், மீன் சேராதவை என்று ஹிராகானா என்ற எளிய ஜப்பானிய எழுத்தில், நான் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதிய சீட்டோடு. அந்த டப்பா இப்போது மதுரையில் இருக்கிறது. அவருக்கு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வருடம் அங்கே போகும் யாராவது பெட்டியில் இடம் இருந்தால் சொல்லுங்கள், முறுக்கு நிரப்பித் தருகிறேன்.